நிஜப் பணம் கொடுத்து ரூபிள் வாங்கும் டார்கோவ் வீரர்களுக்கு ஒரு திறந்த மடல்

வணக்கம்.

எஸ்கேப் ஃபிரம் டார்கோவ் என்ற துப்பாக்கிச் சண்டைக் கணினி விளையாட்டை ஆடும்போது கையிருப்பு கரைந்ததும், விளையாட்டுக்கு வெளியே யாரோ ஒரு விற்பனையாளருக்கு நிஜப் பணத்தைக் கட்டி, சில மணி நேரத்தில் தங்கள் ஸ்டாஷ் எனும் கிடங்கில் விளையாட்டுப் பணமான ரூபிளைக் கோடிக்கணக்கில் இறக்கிக்கொள்ளும் வீரர்களுக்கு இந்த மடலை எழுதுகிறேன். ஏமாற்று மென்பொருளைச் செய்பவர்களுக்கோ, அதை ஓட்டி ரூபிள் சேர்த்து விற்பவர்களுக்கோ நான் எழுதவில்லை. அவர்களுக்கு இது பிழைப்பு. ஒரு மடலைப் படித்து அவர்கள் மனம் மாறப் போவதில்லை. நீங்கள் அப்படியல்ல. இந்த விளையாட்டின் மீது உள்ள ஆசையால்தான் அதற்காகச் செலவழிக்கிறீர்கள். ஆகவே உங்களிடம் பேசிப் பார்க்க முடியும் என்று நம்புகிறேன்.

கேட்பது ஒன்றுதான்: ரூபிள் வாங்குவதை நிறுத்துங்கள். அது விதிமீறல் என்பது உங்களுக்கே தெரியும். அதைச் சொல்ல ஒரு மடல் தேவையில்லை. நாம் எல்லோரும் நமக்குள் வாங்கி விற்கப் பயன்படுத்தும் ஃப்ளீ மார்க்கெட் என்ற சந்தை இத்தனை கட்டுப்பாடுகளுக்குள் சுருங்கியதில் உங்கள் கொள்முதலுக்குப் பெரும் பங்கு உண்டு என்பதையும், நீங்கள் காசு கொடுத்து வாங்கும் அதே தொகையை நேர்வழியில் ஈட்டுவது நீங்கள் நினைக்கும் அளவுக்குக் கடினமல்ல என்பதையும் விளக்கவே எழுதுகிறேன்.

உயிர்பிழைக்கும் விளையாட்டுகள் எல்லாவற்றிலும் பணத்துக்கு ஒரே இடம் இல்லை. டேஸியின் அதிகாரபூர்வ சர்வர்களில் நாணயமே கிடையாது. கையிலிருக்கும் பொருளைக் கொடுத்து வேண்டிய பொருளைப் பெறுவதுதான் அங்கே வியாபாரம். ரஸ்ட்டில் ஸ்கிராப் என்று ஒன்று நாணயம் போலப் புழங்குகிறது. டார்கோவிலோ ரூபிள், டாலர், யூரோ என மூன்று நாணயங்கள், வாங்குவதிலும் விற்பதிலும் தனித்தனிக் குணம் கொண்ட, கணினி இயக்கும் வணிகர்கள், வீரர்களே விலை வைக்கும் சந்தை என்று ஒரு முழுப் பொருளாதாரமே ஓடுகிறது. ரெய்டில், அதாவது ஆட்டக் களத்துக்குள் போய் வரும் ஒரு சுற்றில், இறந்தால் பாதுகாப்புப் பெட்டிக்குள் இருப்பவை போன்ற சிலவற்றைத் தவிர, தோளில் மாட்டியதும் உடலில் அணிந்ததும் பையில் போட்டதும் போய்விடும். ஆதலால் அடுத்த ரெய்டுக்குள் நுழைவதற்கான துணிச்சலையே இங்கே ரூபிள் தருகிறது. அது குறையும்போது ஏற்படும் பதற்றத்தை நான் நன்கு அறிவேன். தொடர்ந்து நாலைந்து ரெய்டுகளில் இறந்து, கடைசி நல்ல கவசமும் பறிபோன பிறகு, ஸ்டாஷில் எஞ்சியிருப்பதை எடுத்துக்கொண்டு உள்ளே போகக் கை வராமல் திரையையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருக்கும் நிலை எல்லோருக்கும் வந்ததுதான். வேலையும் குடும்பமும் உள்ளவருக்கு மாலையில் கிடைக்கும் இரண்டு மணி நேரம் முழுவதும் அப்படிக் கழிந்தால், காசைக் கொடுத்து முடித்துவிடலாமே என்று தோன்றுவது இயல்பு. அந்த எண்ணத்துக்காக உங்களை யாரும் இழிவாகப் பார்க்கத் தேவையில்லை.

ஆனால் நீங்கள் வாங்கும் ரூபிள் எங்கிருந்து வருகிறது என்று ஒரு முறையாவது எண்ணிப் பாருங்கள். வணிகர்கள் அதைக் கடனாகத் தருவதில்லை. ரெய்டுக்குள் போய், பொருள் எடுத்து, உயிரோடு வெளியேறி, விற்றால்தான் ரூபிள் பிறக்கும். நேர்மையாக ஆடும் கைதேர்ந்த வீரரும் மூன்றில் ஒரு ரெய்டிலோ பாதி ரெய்டுகளிலோ இறக்கத்தான் செய்வார். அப்படிப்பட்ட ஒருவர் தன் உழைப்பை நீங்கள் கொடுக்கும் அற்பத் தொகைக்கு, கேட்டவுடன், கேட்ட அளவில் விற்க முடியுமா? முடியாது. அந்த விலைக்கும் வேகத்துக்கும் ஈடுகொடுக்க வேண்டுமென்றால், எந்த அறையில் எந்தப் பொருள் கிடக்கிறது, அது எத்தனை ரூபிள் பெறும், எந்த வீரர் எந்தச் சுவருக்குப் பின்னால் நிற்கிறார் என்று திரையில் காட்டிக் கொடுக்கும் மென்பொருள் வேண்டும். நீங்கள் வாங்கும் ஒவ்வொரு கட்டு ரூபிளுக்கும் பின்னால், ஏன் செத்தோம் என்றே தெரியாமல் செத்த வீரர்கள் சிலர் இருக்கிறார்கள்.

அதில் ஒருவரை எனக்குத் தெரியும். எங்கள் அணிக்குப் புதிதாக வந்தவர். தனியாக இன்டர்சேஞ்ச் என்ற வரைபடத்துக்கு, அதாவது ஆட்டக் களத்துக்கு, போய் அங்குள்ள அல்ட்ரா வணிக வளாகத்துக்குள் நுழைந்து, டெக்லைட், டெக்ஸோ, ராஸ்முசன் என்று மின்பொருள் கடைகளை ஒவ்வொன்றாகத் துழாவிக்கொண்டிருந்தார். அங்கே திரியும் கில்லா என்ற பாஸின் (கணினி இயக்கும் வலிமையான எதிரியின்) காலடி கேட்கிறதா என்று நின்று நின்று கேட்டபடி, இருட்டில் அடுக்குகளுக்கு அடியில் குனிந்து பார்த்ததில் நல்ல விலைபோகும் ஒரு கிராபிக்ஸ் கார்டு கிடைத்தது. அடுத்த கடையில் இன்னொன்று. அவருடையது அடிப்படைப் பதிப்பு என்பதால் ஆல்ஃபா என்ற பாதுகாப்புப் பெட்டியில் நான்கே கட்டங்கள். ஒரு கார்டும் மருந்துப் பொதியும் அதை நிறைத்துவிட, இரண்டாவது கார்டு முதுகுப் பையில் இருந்தது. எமர்கோம் என்ற வெளியேறும் வாயிலை நெருங்கும்போது, வளாகத்தின் மறுகோடியிலிருந்து ஒருவர் வேறு எங்கும் நிற்காமல், எதையும் தேடாமல், இவர் பதுங்கியிருந்த புதரை நோக்கியே நேர்க்கோட்டில் ஓடிவந்து சுட்டு, பையிலிருந்து கார்டை மட்டும் எடுத்துக்கொண்டு போனார். புதிய வீரர் ஒருவருக்கு முதல் கார்டு என்றால் என்ன என்பது உங்களுக்கே தெரியும். அந்தக் கார்டு அன்றே ரூபிளாகி யாரோ ஒருவருடைய ஸ்டாஷுக்குப் போயிருக்கும். வாங்கியவர் இந்த மடலைப் படிக்கும் உங்களில் ஒருவராகவும் இருக்கலாம். அவர் கெட்டவர் என்று நான் நினைக்கவில்லை. அவருக்கு இது தெரிந்திருக்க வழியில்லை என்றே நினைக்கிறேன்.

சந்தைக்கு வருகிறேன், ஏனென்றால் எனக்கு மிகவும் வருத்தம் தருவது அதுதான்.

பழைய வீரர்களுக்கு நினைவிருக்கும். முன்பெல்லாம் ஃப்ளீயில் எதை வேண்டுமானாலும் விற்கலாம். வணிகரிடம் சரக்கு வந்ததும் வாங்கி அதிக விலைக்கு ஃப்ளீயில் வைக்கலாம். ஃப்ளீயில் குறைந்த விலைக்கு வந்ததை வாங்கி, தட்டுப்பாடு வரும்வரை வைத்திருந்து விற்கலாம். எதிரியை வென்று பறித்த துப்பாக்கியை அப்படியே கடைபோட்டு விற்கலாம். சுடுவதில் கெட்டிக்காரர் அல்லாதவர்கள்கூட விலையின் ஏற்ற இறக்கத்தைக் கவனித்தே கௌரவமாகப் பிழைத்தார்கள். துப்பாக்கி விளையாட்டுக்குள் வியாபாரி என்று ஒரு வாழ்க்கை முறை அன்று இருந்தது.

அதே சுதந்திரம்தான் ரூபிள் விற்பவர்களுக்கும் வழி திறந்தது. ஒன்றுக்கும் ஆகாத ஒரு பொருளை நீங்கள் தாறுமாறான விலைக்கு ஃப்ளீயில் வைக்க வேண்டும். விற்பனையாளர் அதை வாங்குவார். ரூபிள் உங்கள் கைக்கு வந்துவிடும். பார்ப்பதற்குச் சாதாரணக் கொடுக்கல் வாங்கல் போலவே இருக்கும். இதை அடைப்பதற்காக 2020-இல் பேட்டில்ஸ்டேட் கேம்ஸ் நிறுவனம், ‘ஃபவுண்ட் இன் ரெய்டு’ முத்திரை உள்ள பொருட்களை மட்டுமே ஃப்ளீயில் விற்க முடியும் என்ற விதியைக் கொண்டுவந்தது. ரெய்டில் நீங்களே கண்டெடுத்து, உயிரோடு வெளியே கொண்டுவந்த பொருளுக்கே அந்த முத்திரை கிடைக்கும். இறந்தால் போய்விடும், மிகச் சீக்கிரம் ஓடி வெளியேறினாலும் போய்விடும், ஃப்ளீயில் வாங்கிய பொருளுக்கு அது இருக்காது, இன்னொரு வீரர் உள்ளே கொண்டுவந்த துப்பாக்கிக்கும் கவசத்துக்கும் அது இருக்காது.

இந்த ஒரு விதி எதையெல்லாம் மாற்றியது என்று பாருங்கள். உயிரைப் பணயம் வைத்து, இரண்டு பேரை எதிர்த்து நின்று வென்று, அவர்களுடைய உயர்தரத் துப்பாக்கியைச் சுமந்துகொண்டு வெளியே வந்தால், அதை மெக்கானிக் என்ற வணிகரிடம் அவர் சொல்லும் விலைக்குத்தான் தள்ள வேண்டும். சுவரோரம் கிடந்த ஒரு வயர் சுருளை எடுத்து வந்தவர் அதைச் சந்தையில் தன் விலைக்கு விற்கலாம். வாங்கி விற்கும் வியாபாரி ஏறத்தாழ இல்லாமலே போனார். வணிகர் தரும் விலைக்கும் கீழே யாராவது தவறுதலாக ஃப்ளீயில் வைத்ததைப் பிடித்து வணிகரிடம் கொடுப்பது மட்டும் மிஞ்சியது. அத்தோடு நிற்கவில்லை. ஒரு காலத்தில் வீரர் 5-ஆம் நிலையை எட்டியதுமே திறந்த சந்தை, பின்னர் 10, 15 என்று தள்ளிப் போனது. 2021 இறுதியில் கவசத்தை நன்றாகத் துளைக்கும் தோட்டாக்களும் உயர்தரக் கவசங்களும் ஃப்ளீயிலிருந்து நீக்கப்பட்டன. பெறுமதியான சில பொருட்களை ரெய்டுக்குள் எடுத்துச் செல்வதற்கும் எண்ணிக்கை வரம்பு வந்தது, உள்ளே சந்தித்துக் கைமாற்றுவதைத் தடுப்பதற்காக.

இவை அனைத்துக்கும் ரூபிள் வியாபாரம் மட்டுமே காரணம் என்று நான் சொல்லவில்லை. வீரர்கள் ஒரே வாரத்தில் உச்சிக்குப் போய்விடாமல் படிப்படியாக முன்னேற வேண்டும் என்ற நோக்கமும் அதில் இருந்தது. ஆனால் முத்திரை விதியும் கைமாற்று வரம்புகளும் அந்த வியாபாரத்தைக் குறிவைத்தே வந்தவை. நேர்மையாக வாங்கி விற்கும் வீரர் ஒருவரையும் ரூபிள் விற்பவரையும் ஒரு விதியால் பிரித்தறிவது கடினம் என்பதால், இருவருக்கும் சேர்த்துக் கதவு சாத்தப்பட்டது. விற்பவர்கள் இதனால் ஓய்ந்துவிடவில்லை. வேறு வழிகளைக் கண்டுபிடித்தார்கள். நஷ்டம் நமக்குத்தான் நிலைத்தது. கேட்கும் கை இருக்கும்வரை ஒவ்வொரு புதிய வழிக்கும் ஒரு புதிய பூட்டு வரும், அந்தப் பூட்டு நம் எல்லோர் கதவிலும் தொங்கும்.

இனி, ஈட்டுவது எப்படி என்பதைப் பற்றி. இதைச் சற்று விரிவாகவே எழுதுகிறேன், ஏனென்றால் ரூபிள் வாங்குபவர்களில் பெரும்பாலோர் விளையாட்டின் இந்தப் பக்கத்தை யாரும் சொல்லித் தராததால்தான் வாங்குகிறார்கள் என்பது என் கணிப்பு.

முதலில் ஸ்காவ், அதாவது களத்தில் திரியும் கொள்ளைக்காரர்களில் ஒருவராக ஆடுவது. உங்கள் சொந்தப் பொருள் எதுவும் இல்லாமல், விளையாட்டே தரும் ஏதோ ஒரு துப்பாக்கியோடும் பையோடும் உள்ளே இறங்கலாம். செத்தால் இழப்பது ஒன்றுமில்லை. வெளியே கொண்டுவந்தது முழுவதும் உங்களுடையது. கணினி இயக்கும் மற்ற ஸ்காவ்கள் நீங்கள் வம்புக்குப் போகாதவரை சுடமாட்டார்கள். 2021-இல் வந்த, ஃபென்ஸ் என்ற வணிகரிடம் பெறும் நன்மதிப்பு முறைக்குப் பிறகு, சக ஸ்காவைக் கொல்லாமல் ஒழுங்காக ஆடுபவருக்கு அடுத்த ஸ்காவ் ரெய்டுக்கான காத்திருப்பு நேரமும் குறைகிறது. ஷோர்லைன், வுட்ஸ் போன்ற வரைபடங்களில் மரத்தடியிலும் பாறையிடுக்கிலும் புதைந்திருக்கும் மறைவுப் பெட்டிகளை ஒரு வரிசை வைத்துக்கொண்டு திறந்துபோவது, சண்டையே இல்லாமல் பையை நிரப்பும் வழி. பாதை பழகிவிட்டால் கை தானாகவே போகும். கையில் ஒரு ரூபிளும் இல்லாதவருக்கும் இந்த வாசல் எப்போதும் திறந்தே இருக்கிறது.

அடுத்தது, எதை எடுப்பது என்பது. புதியவர்கள் பொருளின் மொத்த விலையைப் பார்க்கிறார்கள். பார்க்க வேண்டியது ஒரு கட்டத்துக்கு எவ்வளவு என்பதை. கார் பேட்டரி ஆறு கட்டங்களை அடைத்துக்கொண்டு, எடையால் உங்கள் ஓட்டத்தையும் கெடுக்கும். கிராபிக்ஸ் கார்டுக்கு இரண்டே கட்டம். எல்இடிஎக்ஸ் எனும் மருத்துவக் கருவிக்கு ஒன்று. பை நிறைந்த பிறகும் தேடுவதை நிறுத்தாமல், கட்டத்துக்குக் குறைவாகப் பெறுவதை வெளியே எறிந்துவிட்டு மேலானதை உள்ளே வைத்துக்கொண்டே போக வேண்டும். இந்த ஒரு பழக்கம் வந்துவிட்டால், அதே வரைபடத்தில் அதே பாதையில் போய் வருபவரின் வருமானம் கண்கூடாக மாறும்.

விற்கும் இடத்திலும் நிறையப் பேர் இழக்கிறார்கள். எல்லாவற்றையும் ஃபென்ஸிடம் கொட்டிவிட்டு எழுந்து போவது, உழைத்ததில் பாதியை வாசலிலேயே விட்டுவிட்டுப் போவதற்குச் சமம். துப்பாக்கியும் அதன் உதிரி பாகங்களும் மெக்கானிக்கிடம். கவசம், ரிக் எனும் மார்பு உறை, பை ஆகியவை ராக்மேனிடம். மருந்தும் விலையுயர்ந்த சிறு பொருட்களும் தெரபிஸ்டிடம். முத்திரை உள்ள பொருளாக இருந்தால் ஃப்ளீயில் என்ன விலை போகிறது என்று முதலில் பார்க்க வேண்டும். பார்த்துவிட்டு, கட்டணத்தையும் பார்க்க வேண்டும். இதை விட்டுவிடுபவர்கள்தான் அதிகம். ஒவ்வொரு பொருளுக்கும் விளையாட்டு தன்னளவில் ஓர் அடிப்படை மதிப்பை வைத்திருக்கிறது. நீங்கள் கேட்கும் விலை அதற்கு மேலே போகப் போகக் கட்டணம் செங்குத்தாக ஏறும். அது பட்டியலிடும்போதே பிடிக்கப்படுகிறது. பொருள் விற்காமல் திரும்பினாலும், நீங்களே எடுத்துவிட்டாலும் திரும்ப வராது. ஆகவே மற்றவர்களைவிடக் கொஞ்சம் கூடுதலாகக் கேட்டுப் பார்ப்போம் என்று வைத்து, விற்காமல் எடுத்து, மீண்டும் வைப்பவர் ஒவ்வொரு முறையும் கட்டணம் கட்டிக்கொண்டே இருக்கிறார். கட்டணத்தைக் கழித்தபின் மிஞ்சுவதையும் வணிகர் தரும் விலையையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தால், பல பொருட்களில் வணிகரே மேல் என்பது தெரியும். வணிகரிடம் விற்பதில் இன்னொரு ஆதாயமும் உண்டு: அவரோடு நீங்கள் செய்யும் வியாபாரத்தின் அளவு கூடக்கூட அவருடைய அடுத்த நிலை திறக்கும், அங்கே நல்ல சரக்கு கிடைக்கும்.

ஹைட்அவுட் எனும் நம் மறைவிடத்தைப் பலர் அலட்சியப்படுத்துகிறார்கள். குறைந்த நேரம் ஆடுபவருக்கு உண்மையில் அதுதான் பெருந்துணை, ஏனென்றால் நீங்கள் விளையாட்டை மூடிவிட்டு வேலைக்குப் போனாலும் அது ஓடிக்கொண்டிருக்கும். வொர்க்பெஞ்சிலும் மருத்துவ நிலையத்திலும் செய்யப்படும் பொருட்களுக்கு முத்திரை கிடைக்கும் என்பதால் அவற்றை ஃப்ளீயில் விற்கலாம். மூலப் பொருளின் விலைக்கும் செய்த பொருளின் விலைக்கும் உள்ள வித்தியாசமே லாபம், அந்த வித்தியாசம் நாளுக்கு நாள் மாறும். பழைய வியாபாரிக்கு மிஞ்சியிருக்கும் ஒரே தளம் இது என்று நான் கருதுகிறேன். விலை கவனிக்கும் கலை இங்கே இன்னும் உயிரோடிருக்கிறது. ஸ்காவ் கேஸ் என்ற பெட்டியில் 2,500, 15,000, 95,000 ரூபிள் என மூன்று தொகைகளில் ஒன்றைப் போட்டு அனுப்பினால் ஏதாவது பொருட்கள் திரும்பி வரும். அது அதிர்ஷ்டத்தைப் பொறுத்தது, அதை நம்பிக் குடித்தனம் நடத்த முடியாது.

ஹைட்அவுட்டில் அமைக்கும் பிட்காயின் ஃபார்ம் வேறு விதம். ஒரே ஒரு கிராபிக்ஸ் கார்டு இருந்தாலும் அது இயங்கத் தொடங்கும். முதல் நிலையில் 10 கார்டு, அடுத்ததில் 25, மூன்றாவதில் 50 வரை செருகலாம். கார்டு கூடக்கூட நாணயம் விரைவாக வரும். ஜெனரேட்டருக்கு எரிபொருள் தீராமல் பார்த்துக்கொள்ள வேண்டும். மூன்று நாணயங்கள் சேர்ந்ததும் எடுக்காமல் விட்டால் உற்பத்தி நின்றுவிடும், ஆகவே நாளுக்கு ஒரு முறையாவது எட்டிப் பார்த்து எடுத்துவிடுவது நல்லது. அந்த நாணயத்தை ஃப்ளீயில் விற்க முடியாது, தெரபிஸ்டிடம் கொடுக்கலாம். வெளியுலகில் பிட்காயின் விலை ஏறி இறங்குவதோடு விளையாட்டுக்குள் இதன் விலையும் 2020-லிருந்து பிணைக்கப்பட்டது. தொடக்கத்தில் கார்டுகளுக்குப் போட்ட முதலை மீட்க நாளாகும் என்பது உண்மை. மீட்ட பிறகு அது உங்கள் அடுத்த ரெய்டுக்கான கியரை ஏறத்தாழ இலவசமாக்கிவிடும்.

செலவைக் குறைப்பதும் ஈட்டுவதுதான். ஒவ்வொரு ரெய்டுக்கும் உயர்தரக் கவசத்தோடு போக வேண்டும் என்று எந்தக் கட்டாயமும் இல்லை. ஒரு மோசின் துப்பாக்கி, ஓர் எளிய கவசம், கொஞ்சம் மருந்து இவற்றோடு போய் மிகுந்த விலையுள்ள கவசம் அணிந்தவரையும் ஒரே குண்டில் வீழ்த்திவிட முடிகிறது என்பதுதான் டார்கோவின் தனிச்சிறப்பு. காப்பீட்டையும் மறவாதீர்கள். பிராபர் என்ற வணிகரிடம் செய்தால் செலவு குறைவு, பொருள் திரும்ப ஒரு நாளுக்கு மேல் ஆகும். தெரபிஸ்டிடம் செலவு கூடுதல், விரைவில் வரும். எதிரி எடுக்காமல் விட்டுப்போன எளிய கியர் பெரும்பாலும் உங்களிடமே திரும்பி வருவதால், மலிவான துப்பாக்கியைக் காப்பீடு செய்பவர் அதையே திரும்பத் திரும்பப் பயன்படுத்துகிறார். லேப்ஸ் என்ற வரைபடத்தில் காப்பீடு பயன்தராது.

இவ்வளவையும் செய்ய எனக்கு நேரமில்லை என்று நீங்கள் சொல்லக்கூடும். மேலே சொன்னவற்றில் நேரம் கேட்பது ஸ்காவ் ரெய்டு மட்டுமே. அதுவும் ஒன்றுக்கு இருபது, முப்பது நிமிடம். மற்றவை கவனத்தைக் கேட்பவை.

வேறொரு வாதத்தையும் கேட்டிருக்கிறேன்: அதிக விலைப் பதிப்பை நிறுவனமே விற்கிறது, அதை வாங்கியவருக்கு முதல் நாளே ஒன்பது கட்டக் காமா பெட்டியும் இரு மடங்குக்கும் மேல் பெரிய ஸ்டாஷும் கிடைக்கின்றன, அது காசு கொடுத்து முந்துவது ஆகாதா? நியாயமான கேள்விதான். அந்த ஏற்பாட்டில் எனக்கும் உடன்பாடில்லை. 2024 ஏப்ரலில் 250 டாலர் விலையில் வந்த அன்ஹர்ட் பதிப்பை வீரர்கள் திரண்டு எதிர்த்தபோது அந்த எதிர்ப்பு சரியென்றே நினைத்தேன். ஆனாலும் இரண்டும் ஒன்றல்ல. பெரிய பெட்டி வாங்கியவரும் பொருளைத் தானே போய் எடுத்துத் தானே உயிரோடு கொண்டுவர வேண்டும். ரூபிள் வாங்குபவருக்காக வேறொருவர் ஏமாற்றி இன்னொருவரிடமிருந்து எடுத்துத் தருகிறார். ஒன்றில் நிறுவனத்தோடு நமக்குள்ள பிணக்கு. மற்றொன்றில் நம்மோடு ஆடும் சக வீரருக்கு நேரும் இழப்பு.

அப்படியானால் நிறுவனமே முறைப்படி ரூபிள் விற்றுவிட்டால் கள்ளச் சந்தை ஒழிந்துவிடுமே என்பவர்களும் உண்டு. டயாப்லோ 3 விளையாட்டில் பிளிஸார்ட் நிறுவனம் 2012-இல் நிஜப் பணத்தில் பொருட்களை ஏலம் விடும் சந்தையைத் திறந்தது. நல்ல ஆயுதத்தைத் தேடி அரக்கர்களை வேட்டையாடுவதே அந்த விளையாட்டின் உயிர். ஏலச் சந்தை வந்ததும் வேட்டையைவிடச் சந்தையைப் பார்ப்பதே லாபம் என்றாகிவிட்டது. விளையாட்டின் அடிப்படையையே அது குலைக்கிறது என்று நிறுவனமே ஒப்புக்கொண்டு 2014 மார்ச்சில் அதை மூடியது. டார்கோவில் இழப்பு வலிப்பதால்தான் வெற்றி இனிக்கிறது. இழந்ததை ஒரு நொடியில் நிரப்பிக்கொள்ளலாம் என்றானபின் அந்த வலி இருக்காது. காசு கொடுத்து ரூபிள் வாங்கியவர்களில் பலர் சில வாரங்களில் விளையாட்டையே விட்டுப்போவதை நான் பார்த்திருக்கிறேன். ஸ்டாஷ் நிறைந்திருக்கும்போது ஒரு கிராபிக்ஸ் கார்டைக் கண்டெடுப்பதில் அவர்களுக்கு எந்தப் பரபரப்பும் மிஞ்சவில்லை.

உங்கள் சொந்த நஷ்டத்தையும் ஒரு வார்த்தை சொல்லிவிடுகிறேன். 2017-இல் தொடங்கி 2025 நவம்பரில் 1.0 எனும் முழுப் பதிப்பு வெளிவரும்வரை நீடித்த பீட்டா எனும் சோதனைக் காலத்தில், சில மாதங்களுக்கு ஒருமுறை வந்த ‘வைப்’ எனும் மொத்த அழிப்பில் எல்லோருடைய ரூபிளும் பூஜ்யமானது. காசு கொடுத்து வாங்கியதும் அதோடு போனது. இப்போதும் பிடிபட்டால் கணக்கே தடைசெய்யப்படும், விளையாட்டுக்குக் கொடுத்த விலையும் சேர்ந்து போகும். அணிக்குள் சேர்த்துக்கொண்டு பாஸைக் கொன்று தருகிறேன், உங்கள் கணக்கில் நுழைந்து குவெஸ்டை முடித்துத் தருகிறேன் என்பவர்களிடம் கடவுச்சொல்லைக் கொடுப்பது இன்னும் ஆபத்து; கணக்கு உங்களிடம் திரும்பி வரும் என்பதற்கு அங்கே எந்த உறுதியும் இல்லை.

ஆகவே உங்களிடம் வேண்டுவது இவைதான். நிலுவையில் உள்ள கொள்முதல் ஏதேனும் இருந்தால் இன்றே கைவிடுங்கள். உங்கள் அணியில் யாராவது வாங்கப் போவதாகச் சொன்னால், அவரைக் கடிந்துகொள்வதற்கு முன் அவரோடு சேர்ந்து இரண்டு மூன்று ஸ்காவ் ரெய்டுகள் போய், மறைவுப் பெட்டிகள் இருக்கும் பாதையைக் காட்டிக் கொடுங்கள். ரெய்டில் சந்தேகத்துக்குரிய முறையில் ஒருவர் உங்களைக் கொன்றால், இறப்புத் திரையிலேயே அவரைப் புகார் செய்துவிடுங்கள். ஒரு நிமிட வேலை. முன்பு வாங்கியவர் என்பதால் இனி நேர்மையாக ஆடி என்ன பயன் என்று எண்ண வேண்டாம். வாங்குபவர்கள் குறைந்தால் விற்பவர்களுக்கு இங்கே வேலை இல்லை. அவர்கள் போனால், 2020-க்கு முன்பிருந்த சுதந்திரத்தில் சிறிதளவாவது சந்தைக்குத் திருப்பித் தரும்படி நிறுவனத்திடம் நாம் எல்லோரும் சேர்ந்து கேட்கலாம், அப்போது நம் கோரிக்கையை மறுக்க அவர்களிடம் வலுவான காரணம் இருக்காது.

ஸ்டாஷ் காலியாகித் தனியாக உள்ளே போகத் தயக்கமாக இருந்தால், உடன் வரும்படி பழைய வீரர் யாரையாவது கேளுங்கள். காசு வாங்காமல் வருபவர்கள் நிறையப் பேர் இருக்கிறோம்.

இப்படிக்கு,
உங்களோடு ஆடும் ஒரு சக வீரர்